மாமனாருக்கு மாத்திரை மாறியது ஏன்?

கேள்வி: என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 71. சுகர், பி.பி. இரண்டும் உண்டு. பல வருடமாக அரசு மருத்துவமனை மாத்திரைதான். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு சுகர் ஏறிவிட்டது என்று டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். அவர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமா பழையதை நிறுத்தாமல் புதியதையும் சேர்த்தே சாப்பிட்டு வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. போன ஏகாதசிக்கு விரதம் இருந்தவர், மதியம் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் சுகர் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது அவசியம்தானா? என் வீட்டுக்காரர், 'இவ்வளவு படிச்சும் இது தெரியலையா' என்று அவரைச் சத்தம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமா சரியாகப் பேசுவதில்லை. இனி மாத்திரையை அவர் பொறுப்பில் விடாமல் நாங்களே எடுத்துக் கொடுத்துவிடலாமா? அத்தைக்கு இன்சுலின் வேறு போடுகிறோம், அதில் எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய அட்டைகளை என்ன செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம் அருகில்

அன்புள்ள சகோதரி,

மாத்திரை அட்டைகளையும் டாக்டர் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் நடந்ததைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. மருந்தாளுநராக நான் முதலில் சொல்ல விரும்புவது, உங்கள் மாமனார் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால், அவர் செய்தது நியாயமான காரியம். இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அரசு மருத்துவமனை அட்டைகளில் மெட்பார்மின் 500, கிளிபிசைட் 5 என்று இருக்கிறது. தனியார் மருத்துவர் எழுதியது ஒரே மாத்திரைதான், ஆனால் அதற்குள் கிளிமெபிரைடு 2, மெட்பார்மின் 500 என்று இரண்டு மருந்துகள். ஆக, மெட்பார்மின் இரட்டிப்பாகப் போயிருக்கிறது. அது நல்லதல்ல என்றாலும், மெட்பார்மின் மட்டும் கூடினால் சுகர் 48 வரை இறங்குவது அபூர்வம். விஷயம் மற்ற இரண்டில் இருக்கிறது. கிளிபிசைடும் கிளிமெபிரைடும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டுமே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து உடம்பில் இருந்தபோது, ஏகாதசி அன்று வயிறும் காலி. சுகர் இறங்கிவிட்டது.

இதை அட்டையைப் படித்துக் கண்டுபிடித்திருக்க முடியுமா? பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. பெயரின் தொடக்கம் ஒன்றுபோல இருப்பதை ஒருவர் கவனித்தாலும், இரண்டும் சேரக்கூடாதவை என்று அட்டையில் எங்கேயும் எழுதியிருக்காது. மருந்து படித்தவருக்குத்தான் அது தெரியும். நீங்கள் அனுப்பிய சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது மாத்திரையின் பெயர், பக்கத்தில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று), கீழே '30 நாள்'. பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 'சுகர் ஏறியிருக்கு, அதனால் இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார்' என்று மாமா நினைத்திருக்கிறார். அந்த இடத்தில் இருந்தால் உங்களில் யாருமே அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தது அவசியம்தான். சர்க்கரைத் தண்ணீர் சுகரை உடனே ஏற்றும், ஆனால் அதன் பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான். இந்த மாத்திரைகளோ ஒரு நாள் அளவுக்குக்கூட உடம்பில் வேலை செய்யும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கும் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும். தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால், ராத்திரி தூக்கத்தில் சுகர் மறுபடி இறங்கியிருக்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட அது தெரியாமல் போகும். எனவே அந்த விஷயத்தில் மருத்துவமனை சரியாகவே நடந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை மறக்காமல் செய்துவிடுங்கள். மெட்பார்மினின் அளவை முடிவு செய்யவும் அது தேவை.

நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் சரி, ஏனென்றால் அவருக்கு அப்போது விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். ஏறியதும் இட்லியோ சாதமோ சாப்பிட வைக்க வேண்டும். ஆனால் நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'படித்தவருக்கு இது தெரியாதா?' என்கிற கேள்வி. எழுத்துப் படிப்பது வேறு, ஒரு மருந்துச் சீட்டை நடைமுறைக்குக் கொண்டுவருவது வேறு. 2006-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. லூசியானா, மிச்சிகன், இல்லினாய் மாநிலங்களில் சாதாரண கிளினிக்குகளுக்கு வந்த 395 பேரிடம் மருந்து பாட்டில் லேபிளைக் காட்டினார்கள். அதில் ஒன்றில், 'இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை' என்று இருந்தது. எழுத்தறிவு குறைந்தவர்களில் 100-க்குச் சுமார் 71 பேர் அதைச் சரியாகவே படித்துச் சொன்னார்கள். 'சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை எடுத்து வையுங்கள்' என்றதும், சரியாக எடுத்து வைத்தவர்கள் 100-க்குச் சுமார் 35 பேர்தான். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களிலும் எல்லோரும் சரியாக எண்ணிவிடவில்லை. அதாவது, வாயால் சரியாகச் சொன்னவரின் கை வேறு எண்ணிக்கையை எடுத்து வைக்கிறது. நம் ஊரில் இன்னும் கஷ்டம். லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வெள்ளிக் காகிதத்தில் பொடி எழுத்து. மாமாவுக்குக் கண்புரை ஏதாவது ஆரம்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் நேரும் தீங்கைக் குறைப்பதற்கென்றே ஒரு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. 2022-இல் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கும் இதையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று இடங்களில் குறிப்பாகக் கவனம் வேண்டும் என்கிறார்கள்: ஒரே ஆள் பல மருந்து சாப்பிடும்போது, அளவு சற்று மாறினாலே ஆபத்தான மருந்துகளைக் கையாளும்போது, ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் சிகிச்சை கைமாறும்போது. உங்கள் மாமனார் விஷயத்தில் மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவிட்டன. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு மாத்திரை விட்டுப்போகாமல் காப்பாற்றுகிறது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் கையில் இருப்பது பழைய பதிவு. நீங்கள் டவுனில் வேறு டாக்டரைப் பார்த்தது அவருக்குத் தெரியாது. டவுன் டாக்டருக்கோ வீட்டுக்கு மாத்திரை வருவது தெரியாது. இரண்டு பக்கத்தையும் அறிந்தவர் மாமா ஒருவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

டாக்டர் கேட்டிருப்பார் என்றுதான் வைத்துக்கொள்வோம். 'என்ன மாத்திரை சாப்பிடறீங்க?' 'சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சார்.' தினமும் நான் கேட்கும் பதில் இது. அப்புறம் கடைசியில், 'புரிஞ்சுதா?' என்று ஒரு கேள்வி. அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், தலையாட்டுவது. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது, டாக்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டு 'புரியலைங்க' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதிலும் ஊரே 'சார்' என்று கூப்பிட்ட தலைமை ஆசிரியருக்கு! படித்தவர்கள் இந்த இடத்தில் கூடுதலாக மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். படிக்காத பாட்டி, 'எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, காலையில எது, ராத்திரி எதுன்னு கோடு போட்டுக் குடு' என்று கேட்டு வாங்கிப் போகிறார். படித்தவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்களும் விட்டுவிடுகிறோம்.

இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'புரிஞ்சுதா' என்று கேட்காமல், 'நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், வீட்டுக்குப் போய் எதை எப்போது சாப்பிடப் போறீங்கன்னு ஒருமுறை சொல்லுங்க' என்று கேட்பது. பரீட்சை விளக்கிச் சொன்ன டாக்டருக்குத்தான், கேட்டுக்கொண்ட நோயாளிக்கு இல்லை. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். 'டாக்டர், ஒரு நிமிஷம், நான் சொல்றது சரியான்னு பாருங்க. இந்தப் புது மாத்திரை காலையிலும் ராத்திரியும், சாப்பாட்டுக்கு முன்னாடி. ஏற்கெனவே வீட்டில் இருக்கிற இந்த ரெண்டையும் நிறுத்திடணும். சரிதானே?' அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில், 'ஐயோ, அது வேண்டாம், நிறுத்திடுங்க' என்று டாக்டரே பதறிச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இனி எந்த டாக்டரிடம் போனாலும், எந்த நோய்க்காகப் போனாலும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், கண் சொட்டு மருந்து, சூரணம், லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாத்திரையை மாமாவின் பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நினைவு நன்றாக இருக்கும் மனிதரிடமிருந்து அவர் மாத்திரையைப் பிடுங்கினால், அவருக்கு வருத்தம் மிஞ்சும், பாதுகாப்பு ஒன்றும் கூடப் போவதில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் நீங்கள் மறந்தால் அவர் கேட்கவும் மாட்டார். சத்தம் போட்டதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்து விஷயத்தில் திட்டு வாங்கியவர்கள் அடுத்த தவறை மறைக்கிறார்கள். 'காலையில் போட்டேனா இல்லையா' என்ற சந்தேகம் வந்தால்கூடக் கேட்காமல், இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். சுகர் மாத்திரையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அப்பாவிடம் ஒரு வார்த்தை, 'சீட்டில் எழுதாதது டாக்டர் தப்புப்பா, உங்க மேல இல்லை' என்று சொல்லட்டும்.

அதன் பிறகு அவரையே ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்து நம் எல்லோரையும்விட நன்றாக இருக்கும். ஒரு முழுத்தாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் அட்டையில் இருக்கும் மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, யார் எழுதிக் கொடுத்தது. 2018-லிருந்து பெரும்பாலான மருந்துகளில் கம்பெனி வைத்த பெயரைவிட மருந்தின் உண்மைப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பெரிய எழுத்துப் பெயரைத்தான் எழுத வேண்டும். கம்பெனிப் பெயர் மாதத்துக்கு மாதம் மாறும், கடைக்குக் கடை மாறும். டோலோ என்றும் கால்பால் என்றும் தனித்தனியே வாங்கி, இரண்டும் பாராசிட்டமால்தான் என்று தெரியாமல் காய்ச்சலுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் அதுவே இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து.

பட்டியல் முடிந்ததும் அதை ஒரு மருந்தாளுநரிடம் காட்டி, 'இதில் எதாவது இரண்டு ஒரே வேலை செய்கிறதா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை அப்படியே கேட்க வேண்டும். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் மெட்பார்மின் இரண்டு முறை வருவது உங்களுக்கே தெரியும். கிளிபிசைடும் கிளிமெபிரைடும் மோதுவதை அவர்தான் சொல்ல முடியும். கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் எல்லோரும் மருந்தாளுநர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். 2015-இல் வந்த விதிகள், நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் எங்கள் வேலையில் சேர்த்திருக்கின்றன. சுவரில் சான்றிதழ் தொங்கும். அந்த ஆள் கடையில் இருக்க மாட்டார். இது எங்கள் தொழிலின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம். 'பார்மசிஸ்ட் இருக்காரா?' என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அவர்களும் இருப்பார்கள்.

அப்படியே ஒரு சின்ன வேண்டுகோள். பத்து மாத்திரை அட்டையில் நாலைக் கத்தரித்து வாங்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போகிறது என்று பாருங்கள். உங்கள் போட்டோவில் ஒரு துண்டில் '…டின் டேப்லெட்ஸ்' என்பதற்கு மேல் ஒன்றுமே இல்லை. அது என்ன மருந்தென்று எனக்கே தெரியவில்லை. அதைச் சாப்பிட வேண்டாம்.

சீட்டில் வரும் குறிகளில் 1-0-1 எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் ஓ.டி. என்றால் தினம் ஒருமுறை, பி.டி. என்றால் இருமுறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். தேவைப்பட்டால் என்றால் எப்போது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது. அதைத் தினமும் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிரையே இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் அந்த மருந்து இல்லை. ஆனால் உறவில் யாராவது மூட்டுவலிக்கு 'வாரம் ஒருமுறை மாத்திரை' சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

விரதத்தைப் பற்றி: மாமாவின் நம்பிக்கையில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை என்று அவர் விரதம் இருக்கும் நாட்களைப் பட்டியலின் கீழே எழுதி, அன்று எந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்வார்கள். டாக்டர் விரதமே வேண்டாம் என்றால், அதை மாமாவிடம் அவரே நேரில் சொல்லட்டும். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுவையுங்கள். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

அத்தையின் இன்சுலின். போட்டோவில் இருப்பது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டில். அதற்கு 40 என்று எழுதிய, சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுதான் சரி. கடைகளில் 100 என்று எழுதிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கிடைக்கிறது. கைக்கு வந்ததை வாங்கி வந்துவிடுகிறோம். இந்த 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால், அத்தைக்குப் போவது 8 யூனிட்தான். சுகர் குறையவே இல்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு யாராவது சரியான சிரிஞ்சு வாங்கி வரும் நாளில், கூட்டிய அளவு முழுவதுமாக உள்ளே போகும். மறுபக்கம் இன்னும் மோசம். இன்சுலின் பேனாவில் போடும், ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். பேனா மருந்தைச் சிரிஞ்சில் இழுக்கவே வேண்டாம். கடைக்குப் போகும்போது காலி பாட்டிலையும் பழைய சிரிஞ்சின் உறையையும் எடுத்துப் போய், இரண்டிலும் 40 என்ற எண் இருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். வீட்டில் யார் ஊசி போடுகிறார்களோ, அவர் ஒருமுறை நர்ஸ் முன்னால் மருந்தை இழுத்துக் காட்டட்டும். வாயால் சொன்னால் போதாது, கையால் செய்து காட்ட வேண்டும்.

பழைய அட்டைகள். முதலில் ஒரு காரியம்: தனியார் மருத்துவர், அரசு மருத்துவமனை இரண்டில் எங்கே தொடர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி, ஆனால் சுகருக்கு ஒரே இடம். டவுன் டாக்டரிடம்தான் என்றால், அடுத்த முறை வரும் தன்னார்வலரிடம் விஷயத்தைச் சொல்லி, சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பி.பி. மாத்திரையைச் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன அட்டைகளை, பிரிக்காதவையாக இருந்தாலும், 'பின்னாடி உதவும்' என்று அலமாரியில் வைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனை மருந்தகத்திலோ கொடுத்து, அழித்துவிடச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால், மாத்திரைகளைப் பிரித்து, பழைய டீத்தூளோடு கலந்து கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது, கழிவறையிலும் கொட்ட வேண்டாம்.

மாமா எழுதிய பட்டியலின் போட்டோவையும் கிரியேட்டினின் முடிவையும் அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் எழுதுகிறேன்.